கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலோர வீடு: வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நீலாங்கரையில் தொடங்கி ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம் எனத் தெற்கே மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்பட்டையில்தான் சென்னையின் மிக விலையுயர்ந்த வீடுகளில் பல இருக்கின்றன. இங்கே ஒரு வீட்டைக் காட்ட வரும் தரகர் முதலில் உச்சரிக்கும் சொல் ‘பீச் டச்’ என்பதாகவே இருக்கும். மனையின் கிழக்கு எல்லை கடற்கரை மணலைத் தொடுகிறது என்பது அதன் பொருள். விலையைக் கூட்டும் சொல்லும் அதுவே. ஆனால் சட்டத்தின் பார்வையில், ஒரு மனை கடலை நெருங்க நெருங்க அதில் கட்டும் உரிமை சுருங்கிக்கொண்டே போகிறது. ஆகவே இங்கே வாங்குபவர் உண்மையில் விலை கொடுப்பது, இருக்கும் வீட்டை வைத்துக்கொள்ளவும் தேவைப்பட்டால் இடித்துத் திரும்பக் கட்டவும் சட்டம் தரும் உரிமைக்குத்தான். அந்த உரிமை எவ்வளவு என்பதை அறியாமல் பேசப்படும் விலை எதுவும் விலையே அல்ல.

முதல் படி: பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

உத்தண்டி வரையுள்ள பகுதிகள் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் இருக்கின்றன. கானத்தூரில் இருந்து தெற்கே செங்கற்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகள் தொடங்குகின்றன. இது வரியிலும் குப்பை அள்ளுவதிலும் மட்டும் வேறுபாட்டைத் தருவதன்று. கட்டட அனுமதி யாரிடமிருந்து வந்திருக்க வேண்டும், கடலோர வகைப்பாட்டில் அந்த மனை எங்கே நிற்கிறது என்பவற்றையும் இதுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அத்துடன் திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணல் நிலத்தின் பெரும் பகுதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் நிலத்தடி நீர் ஊட்டப் பகுதியாக வகுத்து, அங்கே கட்டடத்தின் பரப்புக்கும் உயரத்துக்கும் தனிக் கட்டுப்பாடுகள் விதித்துள்ளது. கடலிலிருந்து போதிய தூரம் விலகி இருந்தாலும் இந்தக் கட்டுப்பாடு பொருந்தலாம் என்பதைப் பலர் மனை வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

முட்டுக்காட்டில் கடலைப் பார்த்த வீடுகளும் உண்டு, கழிமுகத்தைப் பார்த்த வீடுகளும் உண்டு. கழிமுக வீடுகள் அலையின் தாக்குதலுக்கு நேராக ஆளாவதில்லை என்பதால் அவை பாதுகாப்பானவை என்று சொல்லி விற்கப்படுகின்றன. பள்ளிக்கரணையில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, இந்த முட்டுக்காட்டு முகத்துவாரத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது என்பதை அப்போது யாரும் நினைவூட்டுவதில்லை. தென்சென்னை வெள்ளத்தில் மூழ்கும் ஆண்டுகளில், முகத்துவாரம் மணலால் தூர்ந்திருந்தால், கழியோரத்து வீட்டின் தோட்டமே வெள்ளம் தங்கும் இடமாகிவிடும்.

விற்பவர்கள் வீட்டைக் காட்டுவது பெரும்பாலும் தை, மாசி மாதங்களில். அப்போது கடல் அடங்கியிருக்கும், காற்று இதமாக இருக்கும், மணல்வெளி அகன்று தெரியும். வாங்குபவர் அதே வீட்டை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் ஒரு நாளில், இன்னொரு முறை பார்க்க வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ், 2023 டிசம்பரில் மிக்ஜாம் ஆகிய மூன்று புயல்களின்போதும் நீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துக் குப்பத்தில் கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எதுவரை வந்தது என்பதற்கும் அவர்களைவிட நம்பத்தக்க பதிவேடு இல்லை.

இரண்டாம் படி: உயர் அலைக் கோட்டைக் கண்டறிதல்

மற்ற எல்லாப் படிகளையும் அவசரமாகக் கடந்தாலும் கடக்கலாம். இதைக் கடக்கக் கூடாது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவண் அரசு 1991 பிப்ரவரி 19 அன்று கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. 2011இலும் 2019இலும் அது புதிதாக எழுதப்பட்டது. மூன்று அறிவிக்கைகளிலும் அடிப்படை ஒன்றே: கடல்நீர் உச்சமாக ஏறும் நாட்களில் எட்டும் எல்லையை உயர் அலைக் கோடு என வரையறுத்து, அதிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று வகுப்பது.

ஏற்கெனவே நகராக வளர்ந்த பகுதி இரண்டாம் வகை மண்டலம் எனப்படும். அங்கே ஏற்கெனவே உள்ள சாலைக்கோ, ஏற்கெனவே உள்ள அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டுமே புதிய கட்டடம் எழுப்பலாம். கடல்பக்கமாக எழுப்ப முடியாது. ஊரகப் பகுதி மூன்றாம் வகை. அங்கே 2011 அறிவிக்கையின்படி உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானம் எதற்கும் இடமில்லை. 2019 அறிவிக்கை இதைத் தளர்த்தி, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் அடர்ந்த ஊரகப் பகுதிகளில் தடை தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது; அடர்த்தி குறைந்த பகுதிகளில் அது 200 மீட்டராகவே நீடிக்கிறது. புதிய அறிவிக்கை ஓரிடத்தில் நடைமுறைக்கு வருவது, அதன்படி தயாரிக்கப்பட்ட கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே. எனவே ‘இப்போது 50 மீட்டர்தான்’ என்று ஒருவர் சொன்னால், எந்த வரைபடத்தின்படி என்று கேட்க வேண்டும். அந்த வரைபடத்தில் மனையின் சர்வே எண்ணைக் காட்டச் சொல்ல வேண்டும்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பெரும்பாலான ஏமாற்று நடக்கிறது. நடைபாதை போட்ட இடத்திலிருந்தும், மதில் சுவரிலிருந்தும், நீர் வற்றிய பிற்பகலில் அலை நிற்கும் இடத்திலிருந்தும் அளந்து காட்டுவார்கள். சட்டப்படி செல்லுவது, நடுவண் அரசின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வரைந்த உயர் அலைக் கோடு மட்டுமே. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அத்தகைய ஒன்று. கட்டணம் செலுத்தினால் மனையின் கிராம வரைபடத்தின்மீது அலைக் கோட்டையும் தடை எல்லையையும் வரைந்து அறிக்கை தருவார்கள். பல கோடி கொடுத்து வாங்கும் வீட்டுக்கு இந்தச் செலவு பொருட்டே அல்ல. அறிக்கை வரும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வரைபடம் கையில் வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி, வீடு தடை எல்லைக்குள் இருக்கிறதா என்பது மட்டுமன்று. தடை எல்லைக்குள் இருக்கும் வீடுகளிலும் இரு வகை உண்டு. 1991 அறிவிக்கைக்கு முன்பே முறையான அனுமதியோடு கட்டப்பட்ட வீடு என்றால், இருக்கும் அடித்தளப் பரப்பையும், தளப்பரப்புக் குறியீட்டையும் (மனையின் பரப்புக்குக் கட்டிய மொத்தத் தளப்பரப்பின் விகிதம்) மீறாமல் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் இடமுண்டு. அனுமதியின்றியோ அறிவிக்கைக்குப் பிறகு விதியை மீறியோ கட்டப்பட்டது என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், இடிந்தால் இடிந்ததுதான். இதனால்தான் இந்தச் சாலையில் 1980களில் கட்டிய, ஓதம் ஏறிய, ஓடு உடைந்த ஒரு பழைய வீடு, பக்கத்தில் பளபளக்கும் மூன்று மாடிக் கண்ணாடி மாளிகையைவிடப் பாதுகாப்பான முதலீடாக இருக்க முடியும். அதே காரணத்தால், பழைய வீட்டை வாங்கியதும் இடித்துத் தள்ளிவிட்டு வரைபடத்தோடு அலுவலகம் போவது மிகப் பெரிய தவறு. திரும்பக் கட்டும் உரிமைக்கு இருக்கும் கட்டடமே சான்று. அதன் அளவுகள் ஆவணப்படுத்தப்பட்டு, மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரையும் திட்ட அனுமதியும் கைக்கு வரும் வரை ஒரு செங்கல்லையும் அசைக்கக் கூடாது.

ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் ஒன்றைக் காட்டி ‘எல்லா அனுமதியும் இருக்கிறது’ என்பது இங்கே வழக்கம். ஊராட்சியின் கட்டட அனுமதி வேறு, கடலோர அனுமதி வேறு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இதை அசட்டை செய்தால் என்ன நேரும் என்பதற்குக் கொச்சி அருகேயுள்ள மரடு போதும். அங்கே உள்ளாட்சியின் கட்டட அனுமதியோடுதான் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. குடியிருந்தவர்கள் முழு விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். கடலோர விதிகளை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 ஆகிய இரு நாட்களில் நான்கும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

மாமல்லபுரத்தை ஒட்டி வாங்குபவர்களுக்கு இன்னொரு கோடும் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானம் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை துறையின் இசைவு தேவை. கடற்கரைக் கோயிலை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். சாளுவன்குப்பத்துப் புலிக்குகையை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: உரிமை மூலத்தை ஆராய்தல்

பட்டா, சிட்டா, அ-பதிவேடு (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நில வகையையும் உரிமையாளரையும் காட்டும் வருவாய்ப் பதிவேடு), நில அளவை வரைபடம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை எந்த மனைக்கும் பொதுவானவை. அவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வில்லங்கச் சான்றை மட்டும் இணையத்தில் கிடைக்கும் காலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய காலத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பெறுவது நல்லது. இந்தக் கடற்கரைக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. அவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது, கோயில் நிலமும் அறக்கட்டளை நிலமும். கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயக்கரின் அறக்கட்டளைக்கு மட்டும் கடற்கரையை ஒட்டி ஆயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் உண்டு. அது இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தை யாருடைய பெயரில் பட்டா இருந்தாலும் வாங்க முடியாது. இரண்டாவது, பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட நிலங்கள் அவை. அந்த மாவட்டமே அவற்றின் பிறப்பிடம். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேராதவர்களுக்கு அவற்றை விற்ற பத்திரம் எத்தனை கை மாறியிருந்தாலும் செல்லாது. இதைக் கண்டறியப் பழைய அ-பதிவேட்டைப் பார்க்க வேண்டும். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தைய பதிவேடு மட்டும் போதாது. மூன்றாவது, 1978ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம். 1999இல் அது நீக்கப்பட்டாலும், அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய மிகை நிலம் அரசுடையதுதான். நகரை ஒட்டிய பகுதிகளில் இதற்குத் தனியே தடையின்மைச் சான்று கேட்பது முறை.

‘பண்ணை வீடு’ என்ற சொல்லையும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை அல்லது புஞ்சையாக இருக்கும் நிலத்தில் நீச்சல் குளத்தோடு எழுந்து நிற்கும் வீடுகள் இங்கே ஏராளம். வெளிநாடுவாழ் இந்தியர்களும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ வாங்க முடியாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்து வாங்க நினைப்பவர், நிலம் குடியிருப்பு வகைப்பாட்டுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையில் முழுப் பணம் இருந்தாலும், ஒரு வங்கியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துப் பார்ப்பது பயனுள்ள உத்தி. வங்கியின் சட்ட ஆலோசகர் மறுத்தால், மறுத்த காரணம் ஒரு சிறிய கட்டணத்தில் கிடைத்த பெரிய அறிவுரை.

நான்காம் படி: மணல், உப்பு, நீர்

நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும் பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் நீட்டிக் கட்டிய எந்தத் தடுப்பும் தன் தென்பக்கத்தில் மணலைச் சேர்த்து, வடபக்கத்துக் கரையை அரிக்கக் கொடுத்துவிடும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதற்கும் வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். புதுச்சேரியிலும் இதுதான் நடந்தது. எனவே மனையில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல், கரையோரமாகத் தெற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, அங்கே தூண்டில் வளைவோ கல் தடுப்போ கட்டியிருக்கிறார்களா, கட்டத் திட்டமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து ஆண்டு இடைவெளியில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால் கரை முன்வருகிறதா பின்வாங்குகிறதா என்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

கட்டடத்தைப் பொறுத்தவரை எதிரி உப்புக் காற்று. கடல்நீர்த் தூவலுக்கு ஆளாகும் கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை 456 குறைந்தது எம் 35 வலிமைத் தரத்தையும் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் மூடுகனத்தையும் கோருகிறது. நகருக்குள் கட்டிப் பழகிய மேஸ்திரிகள் பழைய கணக்கிலேயே கட்டிவிட்ட வீடுகளில் எட்டுப் பத்து ஆண்டுகளில் தூண்களின் ஓரம் நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கியதன் அடையாளம் அது. விற்பதற்கு முன் பூச்சு பூசி, வண்ணம் அடித்து இதை மறைப்பது எளிது. ஆகவே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, கான்கிரீட்டில் குளோரைடு அளவையும் கம்பியின் அரிப்பு நிலையையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். கைப்பிடிகளும் கீல்களும் 316 தர எவர்சில்வரா, மலிவான 304 தரமா என்று பார்ப்பதுகூடக் கட்டியவரின் கவனத்தை எடைபோட உதவும்.

கடலோர மண்டலத்துக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை இறைப்பதற்குத் தடை உண்டு. வேறு வழியே இல்லாத இடத்தில், உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்கு அப்பால், சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்க மட்டுமே இசைவு. நீச்சல் குளமும் புல்வெளியும் உள்ள வீட்டைப் பார்த்தால், இவற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரு ஆலைகள் நாளொன்றுக்கு 25 கோடி லிட்டர் வரை உற்பத்தி செய்யும் திறன் கொண்டவை. ஆனால் அவற்றின் குழாய் அருகில் போவதாலேயே வீட்டுக்கு இணைப்பு வந்துவிடாது. மாதந்தோறும் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்பதற்கான ரசீதுகளைக் காட்டச் சொல்லலாம்.

ஐந்தாம் படி: மதிலுக்கு வெளியே

‘தனிக் கடற்கரை’ என்று விளம்பரத்தில் இருந்தால் அதை அப்படியே அடித்துவிடலாம். மதிலுக்கும் அலைக்கும் இடையேயுள்ள மணல் அரசுப் புறம்போக்கு. அதில் யாரும் நடக்கலாம். பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகை ஏற்றி வைப்பதும், வலை உலர்த்துவதும், கரைவலை இழுப்பதும் அந்த மணலில்தான். அந்த மரபுரிமையைக் கடலோர அறிவிக்கையும் மதிக்கிறது. மதிலைப் புறம்போக்கில் நீட்டிக் கட்டிய வீட்டை வாங்குபவர் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறார். நில அளவரை வைத்து நான்கு எல்லைகளையும் அளந்து, வரைபடத்தில் உள்ளதற்கும் தரையில் உள்ளதற்கும் எத்தனை அடி வேறுபாடு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆறாம் படி: விலை, ஒப்பந்தம், பதிவு

இங்கே விலை கிரவுண்டுக் கணக்கிலோ சென்ட் கணக்கிலோ பேசப்படும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கடற்கரையில் இருந்து சாலை வரை நீண்டு கிடக்கும் மனைக்கு முழுப் பரப்புக்கும் ஒரே விலை சொல்வார்கள். அதை ஏற்கத் தேவையில்லை. தடை எல்லைக்குள் விழும் பரப்பு, அதற்கப்பால் கட்டக்கூடிய பரப்பு, இருக்கும் அனுமதி பெற்ற கட்டடம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்புப் போட்டுப் பேசினால், பெரும்பாலும் கேட்ட விலை வேறு உருவம் பெறும்.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் முத்திரைத் தாளில் எழுதி மட்டும் வைத்துக்கொள்வது பயன் தராது. அதில் உயர் அலைக் கோட்டு அறிக்கை, தடையின்மைச் சான்றுகள், காவலாளியின் குடும்பம் உட்பட அனைவரும் காலி செய்த நிலையில் ஒப்படைப்பது ஆகியவற்றை நிபந்தனைகளாக எழுதி, ஏதேனும் ஒன்று நிறைவேறாவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பதையும் குறிப்பிட வேண்டும். பின்கட்டில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் காவலாளியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லாமல் போவது இங்கே அடிக்கடி நேரும் பிழை.

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 2023 மார்ச் இறுதியில் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மீது. விலை 50 லட்சம் ரூபாயை எட்டினால் வாங்குபவரே 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது. மூலதன ஆதாய வரி விகிதத்தில் மிக அதிகமாகப் பிடிக்க வேண்டும், தவறினால் அந்தத் தொகை வாங்கியவர் தலையில் விழும். விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால், வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் விலகிவிடுவதே என் அறிவுரை. வருமான வரிச் சட்டத்தின் அபராதம் ஒருபுறம் இருக்க, பின்னாளில் விற்கும்போது அந்தத் தொகை வாங்கிய விலையாகக் கணக்கில் வராது.

விற்பவர்களுக்கு

இந்தக் கடற்கரையில் வீடு விற்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விலை அன்று, காகிதம். வாங்க வருபவரின் வழக்கறிஞர் கேட்ட பிறகு ஆவணம் தேடத் தொடங்கினால் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று மாதம் போகும். ஆகவே விளம்பரம் செய்வதற்கு முன்பே, மேலே வாங்குபவருக்குச் சொன்ன அலைக் கோட்டு அறிக்கை, பழைய அ-பதிவேட்டின் நகல், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், 1991க்கு முந்தைய வீடு என்றால் அதைக் காட்டும் பழைய சொத்து வரி, மின் இணைப்பு ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கிவிட வேண்டும். பழைய மின் கட்டண அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டின் வயதை நிறுவ முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

தந்தை கட்டிய வீடு, பிள்ளைகள் மூன்று நாடுகளில் என்பது இங்கே வழக்கமான நிலை. வெளிநாட்டில் இருப்பவர் தரும் பொது அதிகார ஆவணம் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்தாகி, இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரையிடப்பட வேண்டும். எல்லாப் பங்குதாரர்களின் ஒப்புதலும் எழுத்தில் வரும் முன் யாரிடமும் முன்பணம் வாங்கக் கூடாது. ஒரு தங்கை மனம் மாறினால் அண்ணன் இருவரும் நீதிமன்றத்தில் நிற்பார்கள்.

24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தை விற்கும் இந்தியவாழ் தனிநபருக்கு, விலைவாசிக் குறியீட்டின்படி வாங்கிய விலையை உயர்த்திக்கொண்டு 20 சதவீதத்தில் கணக்கிட்டு, இரண்டில் குறைந்ததைச் செலுத்தும் வாய்ப்பு உண்டு. வெளிநாடுவாழ் இந்தியருக்கு அது இல்லை. ஆதாயத்தைக் கொண்டு இந்தியாவில் வேறொரு வீடு வாங்கினால் விலக்குக் கிடைக்கும், ஆனால் அதற்கு 10 கோடி ரூபாய் உச்சவரம்பு. வெளிநாடுவாழ் விற்பனையாளர், குறைந்த விகிதத்தில் வரி பிடிக்க அனுமதிக்கும் சான்றை வருமான வரி அலுவலரிடம் முன்கூட்டியே பெற்றுவிட்டால், பெருந்தொகை திரும்பி வரும் வரை ஓராண்டு காத்திருக்க நேராது. அந்தச் சான்று வருவதற்கே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், பதிவு நாளைக் குறிப்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.